வாட்ச் பெசலைக் கழற்றப் போகிறீர்களா? கத்தியை எடுப்பதற்கு முன்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் கையில் கட்டியிருக்கும் சீக்கோ, சிட்டிசன், கேசியோ வாட்சுகளில் பல வளைகுடாவிலிருந்து வந்தவை. மகன் வாங்கி அனுப்பியது, மச்சான் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது. அதிலும் கடலில் மூழ்குகிறவர்களுக்கென்று செய்த டைவர் மாடல் மேல் நம்மாட்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. கனமான ஸ்டீல், கண்ணாடியைச் சுற்றி 60 நிமிடக் கோடு போட்ட வளையம். அந்த வளையம்தான் பெசல். கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதியும் கோடைகால வேர்வையும் சேர்ந்து சில வருஷத்தில் அதை இறுக்கிவிடும். சுற்றினால் நகராது. உடனே சமையல் கத்தியைத் தேடுகிறோம். வாட்ச் கெட ஆரம்பிப்பது அங்கேதான்.

பெசல் எந்த வகை என்று தெரியாமல் நெம்புவதுதான் பெரிய தவறு. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் அவை செய்யும் வேலை வேறு. சுற்றும் பெசல் பெரும்பாலும் கேஸுக்கு, அதாவது வாட்சின் உடலுக்கு, வெளியே ஒரு பள்ளத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். கண்ணாடியும் அதன் வாஷரும் தனியாக இருப்பதால், அந்தப் பெசலை எடுத்தால் உள்ளே தண்ணீர் போகும் அபாயம் பொதுவாக இல்லை. சுற்றாத பெசல் அப்படியல்ல. பல மெல்லிய வாட்சுகளில் கண்ணாடியை அமுக்கிப் பிடித்திருப்பதே அந்த வளையம்தான். அதை எழுப்பினால் வாட்டர் சீல் போயிற்று. திரும்பப் போட்டாலும் பழைய இறுக்கம் வரும் என்று நம்ப முடியாது. மூன்றாவது வகையில் கழற்ற எதுவுமே இல்லை. பளபளப்பாகத் தெரியும் விளிம்பு கேஸோடு ஒரே துண்டாகச் செய்தது. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட பழைய வாட்சுகளில் இது நிறைய. அங்கே கத்தி போட்டால் கோடு விழும், வேறொன்றும் நடக்காது.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாக விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு துண்டுகள் சேரும் மெல்லிய கோடு தெரிகிறதா, எங்காவது நெம்புவதற்கென்று சின்ன வெட்டு விட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் வாட்சைக் கீழே வைத்துவிடுங்கள். பெசலில் ஸ்க்ரூ தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். 1972-இல் வந்த ராயல் ஓக் என்ற விலையுயர்ந்த சுவிஸ் வாட்சின் எட்டு ஸ்க்ரூக்களும் அறுகோணக் குழிக்குள் உட்கார்ந்திருப்பவை. மேலிருந்து சுற்றவே சுற்றாது, கழற்றுவது பின்பக்கத்திலிருந்து. அதைப் பார்த்துச் செய்த மலிவு வாட்சுகள் பலவற்றில் ஸ்க்ரூ வெறும் அலங்காரம்.

சரி, சுற்றும் பெசல்தான், இறுகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அடியில் இருப்பது காய்ந்த வேர்வை உப்பு, சோப்பு, புழுதி. தண்ணீர் தாங்கும் அளவு 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்து, கிரௌனை, அதாவது நேரம் வைக்கும் பக்கவாட்டுக் குமிழை, திருகி மூடியிருந்து, வாஷர்களும் நல்ல நிலையில் இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு பழைய மிருதுவான டூத் பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்து, தண்ணீருக்குள்ளேயே பெசலை அதன் திசையில் மெல்லச் சுற்றுங்கள். கலங்கலாக அழுக்கு வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். மிச்சத்தை மரப் பல்குச்சியால் எடுங்கள், குண்டூசி வேண்டாம். கொதிநீர் கூடவே கூடாது. சூட்டில் வாஷர் கெடும், திடீரென்று ஆறும்போது ஈரத்தை உள்ளே இழுக்கவும் செய்யும். 30 மீட்டர் என்று போட்ட வாட்ச் தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும். அதையும், வருஷக்கணக்காகத் திறந்து பார்க்காத பழைய வாட்சையும் நனைக்காதீர்கள். ஈரத்துணியும் பல்குச்சியும் போதும்.

இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று, பெசல் இடுக்கில் தேங்காய் எண்ணெய் விடுவது. கதவுக் கீலுக்கும் தலைக்கும் ஆகிற எண்ணெய் வாட்சுக்கு ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைய ஆரம்பித்துவிடும். மார்கழிக் குளிரிலும் ஏசி ரூமிலும் பெசலுக்கு அடியில் கட்டியாகிவிடும், நாள்பட்டால் பிசுபிசுப்பாகிப் புழுதியைப் பிடித்து வைக்கும். விட்ட அன்று நன்றாகச் சுற்றுவதால் சரியாகிவிட்டதாகத் தோன்றும், அவ்வளவுதான். மெஷின் ஆயிலும் துரு நீக்கும் ஸ்பிரேயும் இதற்கு மேல். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போகும். வாட்சில் ரப்பருக்கு என்று போடுவது சிலிக்கான் கிரீஸ். பெசலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில் மினுங்குகிற அளவுக்கு ஒரு தடவல் போதும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால், கத்தியை ஒரே இடத்தில் செருகி முழு பலத்தோடு தூக்குவதுதான் செய்யக்கூடாத வேலை. வளையம் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் கவ்விக்கொண்டு நிற்கும், அதில் வளைந்துபோகும். கத்தி வழுக்கினால் கட்டைவிரல் போகும், ஸ்ட்ராப் மாட்டும் லக் பக்கம் ஆழமான கீறல் விழும். முதலில் ஸ்ட்ராப்பைக் கழற்றி, கேஸின் விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வாட்ச் கேஸ் திறக்கும் மழுங்கல் பிளேடை இடுக்கில் வைத்து ஒரு நூல் எழுப்பி, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம், மறுபடி தள்ளி இன்னொரு இடம் என்று சுற்றி வாருங்கள். கடைசியில் ‘டக்’கென்று விடும்.

அந்த ‘டக்’தான் ஆபத்தான நேரம். சீக்கோ டைவர்கள் சிலவற்றில் பெசலுக்கு அடியில் ஒரு குழி, குழிக்குள் ஸ்பிரிங், அதன் மேல் கடுகளவு எஃகுக் குண்டு. சுற்றும்போது கேட்கும் கிளிக் சத்தம் அதிலிருந்துதான். பெசல் விடும் கணத்தில் குண்டு எகிறிவிடும். சிமென்ட் தரையில் விழுந்தால் மறந்துவிடலாம். அதனால் கடைசி நெம்பலை உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டே செய்யுங்கள். வேறு வாட்சுகளில் குண்டுக்குப் பதில் வளைந்த கம்பியோ மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கோ இருக்கும். எதைத் தொடுவதற்கும் முன்னால் மொபைலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டைவர் வாட்சின் பெசல் இடப்பக்கமாக, அதாவது முள் சுற்றும் திசைக்கு எதிராக மட்டுமே சுற்ற வேண்டும். தண்ணீருக்கு அடியில் எதிலாவது இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், ஆள் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். அதற்காகச் செய்த ஏற்பாடு இது. திரும்பப் போட்டபின் இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்றால் ஸ்பிரிங் தவறாக உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது பசை. எண்கள் அச்சடித்த மேல்தகடு, இன்செர்ட் என்பார்கள், கழன்று வந்தால் எல்லார் கையும் ஃபெவிக்விக் பக்கம் போகிறது. அந்த வகைப் பசை தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு சொட்டு கூடினால் இடுக்கு வழியாக இறங்கிக் கிளிக் ஸ்பிரிங்கையே பிடித்துக்கொள்ளும், அதோடு பெசல் சுற்றுவது நின்றது. இன்னொரு தொல்லை, அதன் ஆவி. அது காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்திலிருக்கும் கண்ணாடியிலும் கறுப்புத் தகட்டிலும் வெள்ளைப் புகைபோலப் படியும். நமக்கு ஜூன் தொடங்கினால் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதைத் துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவர் எடுத்தால் அடுத்த சேதம். அசிட்டோன் அக்ரிலிக் கண்ணாடியைக் கரைக்கும், எண்களின் பெயின்ட்டையும் எடுத்துவிடும். இன்செர்ட்டுக்கென்று வளையமாக வெட்டிய இருபக்க ஒட்டு டேப் கிடைக்கிறது. அல்லது ஊசி முனையோடு வரும் ஜி-எஸ் ஹைப்போ சிமென்ட். மெதுவாகக் காய்வதால் 12-க்கு நேராக முக்கோணத்தைச் சரிபார்த்து நகர்த்த அவகாசம் இருக்கும். பழைய இன்செர்ட்டை எடுக்க ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டிவிட்டு உள்பக்கத்திலிருந்து தள்ளுங்கள். அலுமினியம் ஒருமுறை மடங்கினால் அந்தக் கோடு போகாது, செராமிக் உடைந்தே போகும்.

கேசியோவின் ஜி-ஷாக் கதை வேறு. அதன் பெசல் ரெசின் என்ற பிளாஸ்டிக், வருஷங்கள் போகப்போக ஈரத்தால் உதிர ஆரம்பிக்கும். ஒட்டினாலும் நிற்காது, மாடல் நம்பர் சொல்லிப் புதியது வாங்குவதுதான் வழி. ஸ்க்ரூ தலைக்குப் பொருந்தாத டிரைவரைப் போட்டுத் தலையை வழித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

திரும்பப் போடும்போது கண்ணாடியை அமுக்காதீர்கள். சுத்தியல், பெஞ்ச் வைஸ் எதுவும் வேண்டாம். மினரல் கண்ணாடி ஓரத்தில் விழும் அழுத்தத்துக்கே விரிசல் விட்டுவிடும். கீழே துணி விரித்து, இரண்டு கட்டைவிரலாலும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே சமயத்தில் நேராக அழுத்துங்கள். உட்காரவில்லை என்றால் ரப்பர் வளையம் மடிந்திருக்கலாம், எடுத்துப் பாருங்கள். பளபளப்பாக்க டூத் பேஸ்ட், பிராஸ்ஸோ போடுகிறவர்கள் கவனிக்க: தங்க முலாம் சில மைக்ரான்தான். அலுமினியத் தகட்டின் நிறமும் மேல்பூச்சு மட்டுமே. இரண்டும் தேய்க்கத் தேய்க்க அடியில் இருப்பதைக் காட்டிவிடும்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பெசல் என்றால் கடைக்காரரிடமே விடுங்கள். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ கொடுப்பதற்கு முன் பிரஷர் டெஸ்ட் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் “வாட்டர் டைட் பண்ணியாச்சுங்க” என்று சொன்னால் அதை நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம். பாதி கழற்றிய வாட்சைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் ஸ்பிரிங், குண்டு, ரப்பர் எல்லாவற்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். என்ன எண்ணெய் விட்டீர்கள், என்ன பசை போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர் எதைக்கொண்டு கழுவுவது என்று முடிவெடுப்பது அதை வைத்துத்தான்.