பழைய பல் கம்பிச் சாமான்களைக் காப்பாற்றி வைப்பது எப்படி

மதுரையில் பழைய பல் கிளினிக் ஒன்றை மூடினால் நாற்காலியும் எக்ஸ்ரே மெஷினும் விலை போய்விடும். கோணல் பல்லை நேராக்கக் கம்பி போடுகிற சாமான்கள்தான் சாக்கில் ஏறிக் காயலான் கடைக்குப் போகும். சிம்மக்கல்லில் பல் லேபில் கம்பி வளைத்தே பிழைத்தவன் நான். எனக்கு அது மனசு பொறுக்காது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ அப்படி ஒரு டிராயரை விட்டுப் போயிருந்தால், அருங்காட்சியகம் ஆசையாக வாங்கிக்கொள்ளும்படி வைக்கலாம்.

முதலில் எதையும் கழுவாதீர்கள். எது எதோடு கிடக்கிறதோ, அப்படியே போட்டோ எடுங்கள். பிளையர், கம்பிச் சுருள், நோயாளி அட்டை மூன்றும் சேர்ந்து கிடந்தால்தான் எந்தக் காலத்து வேலை என்று சொல்ல முடியும்.

மெல்லிய ஸ்டீல் பட்டைச் சுருளும் அதை மின்சாரத்தால் பற்றவைக்கும் சின்ன ஸ்பாட் வெல்டரும் கண்ணில் பட்டால் பத்திரப்படுத்துங்கள். பல்லின் மேல்பூச்சான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால், பிசின் மாதிரியான ரெசின் அதில் பிடிக்கும் என்று பூனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955இல் காட்டினார். கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் துண்டான பிராக்கெட்டைப் பல்லில் நேராக ஒட்டுவது பரவலானது 1970களுக்குப் பிறகுதான். அதுவரை ஒவ்வொரு பல்லையும் பட்டையால் சுற்றி, பிளையரால் இறுக்கிக் கிள்ளி, கழற்றி, வெல்ட் வைத்து, பிராக்கெட்டையும் அதிலேயே பற்றவைத்து, சிமெண்ட் போட்டு மாட்டினோம். பிராக்கெட்டையும் உற்றுப் பாருங்கள். முன்பக்கம் திறந்த செவ்வகப் பள்ளம் என்றால், எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1920களில் கொண்டுவந்த எட்ஜ்வைஸ் வழி. பித்தளை ஊசி செருகியிருந்தால் ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் பெக் கொண்டுவந்த முறை.

பிளையரைப் பளபளப்பாக்க வேண்டாம். கைப்பிடியில் கம்பெனி முத்திரை இருக்கும். உப்புத்தாளும் பாலிஷும் போட்டால் அதுதான் முதலில் அழியும். காய்ந்த பிரஷால் தூசி தட்டி, மூட்டில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். அவ்வளவு போதும். வினிகர், எலுமிச்சை எதுவும் கிட்டே வரக்கூடாது.

பல் மாடல்கள்தான் எனக்கு உயிர். வெள்ளை பிளாஸ்டரில் மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று. இரண்டின் பின்பக்கத்தையும் சமமாகச் சீவியிருப்பார்கள். பின்பக்கம் கீழே படும்படி மேசையில் நிறுத்தி ஒன்றோடொன்று சேர்த்தால், அந்த ஆளின் கடி அப்படியே பொருந்தி நிற்கும். அதனால் ஜோடியைப் பிரிக்கவே கூடாது. பிளாஸ்டர் என்பது ஜிப்சம்தான்; அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ஈரத்துணிகூடப் படக்கூடாது. உடைந்த துண்டை ஒட்டாமல் அதே டப்பாவில் போடுங்கள்.

செம்பழுப்பு ரப்பர் தட்டு கிடைத்தால் அது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்; அக்ரிலிக் பிளாஸ்டிக் வருவதற்கு முந்தையது. வெளிச்சமும் ஈரமும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் கசிந்து பக்கத்து உலோகத்தை அரிக்கும். இருட்டில், தனி டப்பாவில் வையுங்கள். லேப் பெட்டியில் வெள்ளைக் காகிதம் போல நார்ச் சுருள் இருந்தால் தொடாதீர்கள். உலோகத்தை உருக்கி ஊற்றுகிற வார்ப்பு வளையத்துக்குள் வைக்கிற, மூச்சில் போனால் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை எடுப்பதைத் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுங்கள்.

சுற்றி வைக்க, மதுரை விளக்குத்தூண் கடைகள் பக்கம் காடாத் துணி வாங்கி, கஞ்சி போக அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள், ரப்பர் பேண்ட், புது பிளைவுட் அலமாரி மூன்றும் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை அட்டையில் பென்சிலால் எழுதி நூலில் கட்டுங்கள். செல்லோ டேப் ஒட்டினால் கறை விடும்.

அப்புறம், மாடலின் முதுகில் பெயரும் தேதியும் இருக்கும். அதை அழிக்காதீர்கள். ஆனால் காட்சிக்கு வைக்கும்போது முதுகு தெரியாமல் வைத்து, எண்ணை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பல்லுக்குரியவர் இன்றும் டவுன்ஹால் ரோட்டில் நடந்து போகிறவராக இருக்கலாம். எந்த எண் யாருடையது என்ற நோட்டு தனியாக, பூட்டின பீரோவில் இருக்கட்டும்.