ஒன்று போல இரண்டு: ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தாங்கிகளை லேத்தில் கடையும் முறை

மரத்தைத் தேடிப் போவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை, மெழுகுவர்த்தி உட்காரும் பித்தளைக் கிண்ணங்கள் இரண்டு. நீள மெழுகுவர்த்திகளின் அடி விட்டம் பெரும்பாலும் 22 மி.மீ. இருக்கும். அதை ஏந்தும் கிண்ணத்தின் வெளி விட்டமோ ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் மாறும். 1 மி.மீ. பெரிதாகத் துளை போட்டால் கிண்ணம் ஆடும்; சிறிதாகப் போட்டுத் தட்டி இறக்கினால் மரம் பிளக்கும். ஆகவே முதலில் கிண்ணத்தைக் காலிப்பரில் (விட்டம் அளக்கும் கவைக் கருவி) அளந்து, கழிவுக் கட்டை ஒன்றில் துளை போட்டு, விரலால் அழுத்தினாலே இறங்குகிறதா என்று பாருங்கள். இந்தக் குறிப்பில் துளை 25 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் கிண்ணத்துக்கு ஏற்ப அதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கிண்ணம் இல்லாமல் மரத்திலேயே மெழுகுவர்த்தியைச் செருகும் வடிவங்களையும் பார்க்கலாம். அவற்றைச் செய்யாதீர்கள். யாரும் கவனிக்காமல் திரி அடிவரை எரிந்தால் முதலில் கருகுவது துளையின் விளிம்பு, அடுத்து பற்றுவது மரம். அகன்ற விளிம்புள்ள கிண்ணமாக இருந்தால் வழியும் மெழுகும் மரத்துக்குப் போகாது.

மரமும் அளவும்

முடிந்த உயரம் 220 மி.மீ., பீடத்தின் விட்டம் 110 மி.மீ. உயரத்தில் பாதி அளவு பீடம் என்பது தோற்றத்துக்காக மட்டும் அல்ல. 25 செ.மீ. நீளமுள்ள மெழுகுவர்த்தி சுமார் 85 கிராம் இருக்கும். அந்த எடை முழுவதும் உச்சியில் நிற்கிறது. பீடத்தைக் குறுக்கினால் மேசையில் கை பட்டாலே சாயும்.

தேவையான கட்டைகள்: தண்டுக்கு 50 × 50 × 210 மி.மீ. அளவில் மூன்று, பீடத்துக்கு 115 × 115 × 32 மி.மீ. அளவில் மூன்று. செய்யப்போவது இரண்டுதான், மூன்றாவது பதிலுக்கு. உளி ஒரு முறை சிக்கி ஒரு தண்டு போனால், அதே நிறமும் அதே ரேகையும் கொண்ட கட்டையைப் பிறகு தேடுவது வீண் அலைச்சல். எல்லாத் தண்டுகளையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து அறுத்தெடுங்கள். தண்டில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், பீடத்தில் படுக்கையாக ஓட வேண்டும். தேக்கு, பூவரசு, வாகை எதுவானாலும் சரி, நன்கு உலர்ந்திருப்பதுதான் முக்கியம். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கடையும்போது வட்டமாக இருந்த பீடம் சில வாரங்களில் நீள்வட்டமாகச் சுருங்கும், ஒட்டிய மூட்டும் திறக்கும். முடிச்சோ வெடிப்போ உள்ள கட்டை தண்டுக்கு ஆகாது.

தண்டுக் கட்டைகளின் நீளத்தை டேப்பால் தனித்தனியாக அளந்து அறுக்காதீர்கள். ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்தி, எல்லாவற்றையும் அதில் முட்டவைத்து அறுங்கள். ஜோடி ஒத்துப்போவது இங்கேயே தொடங்கிவிடுகிறது. இங்கே விட்ட 1 மி.மீ. வித்தியாசத்தைப் பிறகு லேத்தில் மறைக்க முடியாது.

அளவுக் குச்சி

மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடியிலிருந்து 18 மி.மீ. முளைக்கு (பீடத்துக்குள் இறங்கும் பகுதி) போகும். அந்தக் கோட்டைப் பூஜ்யம் என்று வைத்து, மேல்நோக்கி இந்த இடங்களைக் குறித்து, பக்கத்திலேயே விட்டத்தையும் எழுதுங்கள்: 0 முதல் 14 வரை உருண்ட குமிழ், விட்டம் 44; 20-இல் கழுத்து, 22; 70-இல் வயிறு, 34; 140-இல் மிக ஒடுங்கிய இடம், 18; 150-இல் சிறு குமிழ், 28; 156-இல் மறுபடி ஒடுக்கம், 22; அங்கிருந்து விரிந்து 165-இல் 40; 175 முதல் உச்சியான 192 வரை 46. எல்லாம் மி.மீ.

வடிவத்தை உங்கள் விருப்பப்படி மாற்றலாம், ஒன்றைத் தவிர. கிண்ணத் துளை உச்சியிலிருந்து 25 மி.மீ. ஆழம் இறங்கும். அந்தப் பகுதியில் எங்கும் சுவர் 7 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அழகாக இருக்கிறது என்று கிண்ணத்துக்குக் கீழே சீக்கிரம் ஒடுக்கினால் துளையின் அடி வெளியே தெரிந்துவிடும். துளை போடும் பிட்டின் நடுமுனை இன்னும் சில மி.மீ. கீழே போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

குச்சியின் ஓரத்தில் ஒவ்வொரு கோட்டிலும் சிறு வெட்டு போட்டால், பென்சில் முனை அதில் உட்காரும்; சுழலும் கட்டையில் கோடு நழுவாது.

முதலில் துளை, பிறகு கடைசல்

பலர் தண்டைக் கடைந்து முடித்துவிட்டுத் துளை போடுகிறார்கள். அப்போது துளை ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருக்கும், மெழுகுவர்த்தியும் சாய்ந்து நிற்கும். வரிசையை மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. சதுரக் கட்டையின் முகத்தில் மூலைவிட்டங்கள் போட்டு நடுவைக் கண்டுபிடியுங்கள். கட்டையைச் செங்குத்தாகக் கிளாம்ப் செய்து, டிரில் பிரஸ்ஸில் 25 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியுள்ள துளை போடும் பிட்) துளையுங்கள். ரேகையின் முனையில் துளைப்பதால் பிட் சீக்கிரம் சூடாகும். நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் வைத்து, அடிக்கடி மேலே தூக்கித் தூளை வெளியேற்றுங்கள். கருகிய வாடை வந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் அதிகம்.

இப்போது துளையுள்ள முனையை டெயில்ஸ்டாக் (லேத்தில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய தாங்கி) பக்கம் வையுங்கள். அதிலுள்ள சுழலும் கூம்பு செண்டர் (கட்டையை நடுவில் தாங்கும் முனை) துளைக்குள் உட்காரும்போது, வெளி வட்டம் தானாகவே துளையை நடுவாகக் கொண்டு அமையும். கூம்பை ஓங்கி இறுக்கினால் அது ஆப்பு போல வேலை செய்து உச்சியைப் பிளக்கும். அதைவிடப் பத்திரமான வழி, கழிவு மரத்தில் 25 மி.மீ. அடைப்பு ஒன்றைக் கடைந்து துளையில் செருகி, அதன் நடுவில் சாதாரண செண்டரை நிறுத்துவது. மறுமுனையில், அதாவது முளைப் பக்கத்தில், ஹெட்ஸ்டாக்கின் (மோட்டார் சுழற்றும் தலைப்பகுதி) பல் செண்டர், அதாவது மரத்தில் பதிந்து அதைச் சுழற்றும் பற்களுள்ள முனை, வரும். அதன் விட்டம் 20 மி.மீ.க்குள் இருக்கட்டும், பெரிய செண்டரானால் முளையைக் கடையும்போது உளி இரும்பில் முட்டும். பல் பதிந்த தழும்பு பீடத்துக்குள் மறைந்துவிடும், மேல் துளை கிண்ணத்தால் மறைந்துவிடும். அதனால் தான் கட்டையில் கூடுதல் நீளமே விடவில்லை.

கடைவது

முகக் கவசம், தூசி முகமூடி இரண்டும் வேண்டும். தொங்கும் சட்டைக் கை, துப்பட்டா, வளையல், கைக்கடிகாரம் எதுவும் லேத்துக்கு அருகில் கூடாது. கையுறையும் கூடாது, அது சுழலும் மரத்தில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். ஸ்விட்சைப் போடுவதற்கு முன் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

சதுரத்தை உருட்டும்போது 800 முதல் 1,000 சுற்று, உருண்ட பிறகு 1,800 வரை. அகன்ற குழி உளியால் 48 மி.மீ. உருளையாக்குங்கள். பிறகு இரண்டாவது கட்டையையும் பூட்டி உருளையாக்குங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடாமல், கட்டம் கட்டமாக இரண்டையும் நகர்த்துவதே ஜோடி வேலையின் சூட்சுமம். கையின் பழக்கமும் உளியின் கூர்மையும் காலிப்பரின் திறப்பும் அந்த நேரத்தில் ஒன்றாகவே இருக்கும். கழற்றும்போது பல் செண்டரின் ஒரு பல்லுக்கு நேராக மரத்தில் பென்சில் குறி போட்டுவையுங்கள். திரும்ப அதே நிலையில் பூட்டினால்தான் கட்டை ஆடாமல் சுற்றும்.

அளவுக் குச்சியைச் சுழலும் உருளைமேல் பிடித்துக் கோடுகளைப் போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் பார்ட்டிங் உளியால் (குறுகிய பள்ளம் வெட்டும் உளி) பள்ளம் இறக்கி, எழுதிய விட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாக நிறுத்துங்கள். வலக்கையில் உளி, இடக்கையில் காலிப்பர் என்று ஒரே நேரத்தில் அளப்பவர்கள் உண்டு. காலிப்பரின் முனைகளை உருட்டித் தேய்த்திருந்தால் மட்டுமே அது சரி, கூர்முனை மரத்தில் மாட்டிக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் லேத்தை நிறுத்திவிட்டு அளப்பதே நல்லது.

முளையை 25 மி.மீ.க்கு இம்மியளவு குறைவாக, சுமார் 24.8-க்குக் கொண்டுவாருங்கள். முளைக்கு மேலுள்ள தோள்பட்டையை உள்பக்கம் லேசாகக் குழிவாக வெட்டினால், ஒட்டும்போது வெளி விளிம்பு பீடத்தோடு இடைவெளி இல்லாமல் உட்காரும். முளையின் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளமும் போட வேண்டும். அது இல்லாவிட்டால் துளையின் அடியில் சிறைப்பட்ட பசை வெளியேற வழியின்றித் தண்டை மேலே தள்ளும். கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் இறங்காத மூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

குமிழையும் குழிவையும் செதுக்கும்போது உளி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே போகட்டும். எதிர்த்திசையில் ஏறினால் நார் பிய்யும், சாய்வு உளியானால் சிக்கிச் சுருள் பள்ளம் விழும். 18 மி.மீ. விட்டமுள்ள மிக ஒடுங்கிய இடத்தைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அதை முதலிலேயே ஒடுக்கிவிட்டால் தண்டு வளைந்து துள்ளும். மேற்பரப்பில் வரிவரியாக அதிர்வுத் தழும்பு தெரியும். அப்படித் தெரிந்தால் டெயில்ஸ்டாக்கைச் சற்றுத் தளர்த்துங்கள், உளியைத் தீட்டுங்கள், மெல்லிய சீவலாக எடுங்கள். டெயில்ஸ்டாக்கை இன்னும் இறுக்கத்தான் கை போகும். ஆனால் அதிக அழுத்தமே மெல்லிய தண்டை வில்லாக வளைக்கிறது.

முதல் தண்டில் ஒரு குமிழ் குறித்த இடத்திலிருந்து 1 மி.மீ. தள்ளிப் போய்விட்டதா? வரைபடத்தை விட்டுவிட்டு, குச்சியில் அந்தக் கோட்டை மாற்றி எழுதுங்கள். முதல் தண்டுதான் இனி அளவு. அருகருகே நிற்கும் ஜோடியில் கண் முதலில் பிடிப்பது மேடு பள்ளங்களின் உயர வித்தியாசத்தை. விட்டத்தில் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. முடிந்த தண்டை லேத்துக்குப் பின்னால், இரண்டாவதற்கு நேராகப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே கடைந்தால் வளைவுகளும் ஒத்துவரும்.

உப்புத்தாள் 120, 180, 240, 320 என்ற வரிசையில், வேகத்தைப் பாதியாக்கி. டூல் ரெஸ்ட்டை (உளியைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கு கம்பி) கழற்றிவிட்டுத் தேயுங்கள். குமிழின் விளிம்புகளில் அதிகம் தேய்த்தால் கூர்மை போய்ச் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும்.

பீடம்

மேல் முகத்தின் நடுவில் 15 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, திருகுச் சக்கில் (நடுவில் திருகுள்ள பிடிப்பான்) பூட்டுங்கள். இந்தத் துளை பின்னால் முளைத் துளைக்குள் காணாமல் போய்விடும். 1,000 சுற்றில் விளிம்பை வட்டமாக்கி, அடிமுகத்தைச் சமப்படுத்தி, நடுவை நோக்கி 1 அல்லது 2 மி.மீ. குழிவாக்குங்கள். தட்டையான அடி, மரம் இம்மியளவு புடைத்தாலே ஆடும்; குழிவான அடி விளிம்பில் மட்டும் நிற்பதால் ஆடாது. அதே முகத்தில் சக்கின் தாடைகள் விரிந்து பிடிக்க 3 மி.மீ. ஆழ வட்டப் பள்ளம் எடுத்து, கட்டையைத் திருப்பிப் பூட்டுங்கள். மேல் முகத்துக்கு வடிவம் கொடுத்து, மொத்தத் தடிமன் 28 மி.மீ. ஆனதும், டெயில்ஸ்டாக்கில் பொருத்திய அதே 25 மி.மீ. பிட்டால் 20 மி.மீ. ஆழம் துளையுங்கள். ஆழத்தைக் காட்ட பிட்டில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அடியில் மிஞ்சுவது சில மி.மீ. மட்டுமே. முளை 18, துளை 20. அந்த 2 மி.மீ. பசைக்கான இடம்.

ஒட்டுவதும் பூச்சும்

முதலில் பசையின்றிச் சேர்த்துப் பாருங்கள். தண்டைத் துளைக்குள் சுழற்றி, தண்டின் ரேகையும் பீடத்தின் ரேகையும் இரண்டிலும் ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்திக் குறி போடுங்கள். துளையின் பக்கச் சுவரில் மரப் பசையை மெல்லப் பூசி இறக்கி, ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளிலிருந்து மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கச் சாய்வு தப்பிவிடும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். அது காய்ந்த இடத்தில் பூச்சு ஊறாமல் வெளிறிய திட்டு நிற்கும். 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

அரக்குப் பூச்சு நல்ல மினுமினுப்புத் தரும், ஆனால் சூட்டில் இளகும். சொட்டிய மெழுகைச் சுரண்டும்போது பூச்சும் சேர்ந்து வரலாம். மெழுகுவர்த்தித் தாங்கிக்கு ஆளி விதை எண்ணெய்ப் பூச்சே எங்கள் தேர்வு. மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். பூச்சு முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். விழாவுக்கு முந்தின வாரம் தொடங்கினால் தாங்கி தயாராகிவிடும், பூச்சு தயாராகாது. விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குங்கள்.

கிண்ணத்தை ஒட்ட வேண்டாம். இறுக்கமாக உட்கார்ந்தால் போதும். மெழுகு நிரம்பியதும் எடுத்து வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாம். மெழுகுவர்த்தி தளர்வாக இருந்தால் காகிதம் சுற்றாதீர்கள். கிண்ணத்தில் சில சொட்டு உருகிய மெழுகை விட்டு அதில் நிறுத்தினால் இறுகிவிடும். இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. விடுங்கள். நெருங்கி நின்றால் ஒன்றன் சூட்டில் மற்றது வளைந்து, மெழுகு ஒரு பக்கமாக வழியும். திரி கிண்ணத்துக்கு மேல் 5 செ.மீ. வந்ததும் அணைத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.