பழைய காரின் ஏசியை ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றுவது எப்படி?

ஏசி கேஸ் பெற்றோல் போல எரிந்து தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது. என் 1990ஆம் ஆண்டு நிசான் சன்னிக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை கேஸ் அடித்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

முதலில் பொனட்டைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். 1990களின் தொடக்கம் வரை வந்த கார்களில் பெரும்பாலும் ஆர்-12 என்ற பழைய கேஸ்தான். ஓசோன் படலத்தை அழிப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தியது. அதற்குப் பதிலாக வந்ததே ஆர்-134ஏ. எஞ்சியிருக்கும் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள்; மீட்பு இயந்திரம் உள்ள கராஜில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். திரவமாகத் தெறித்தால் கண்ணும் தோலும் உறைந்துபோகும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அடுத்து கசிவைத் தேடுங்கள். கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால், கசியும் மூட்டில் தூசி ஒட்டிக் கறுப்புப் பிசுக்காகப் படிந்திருக்கும். என் காரில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரிலிருந்து கிளம்பும் குழாயில் அதைக் கண்டேன். உள்ளேயிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகி, நகத்தால் அழுத்தியதும் பிஸ்கட் போல உடைந்தது. கழற்றும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஆர்-134ஏக்கு ஏற்ற புதிய ஓ-ரிங் போடுங்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி எண்ணெய். ஆர்-12 உடன் ஓடிய கனிம எண்ணெய் ஆர்-134ஏயில் கரையாது. அது குழாய்களில் தேங்கிவிட, கொம்பிரசர் வறண்டு இறுகிவிடும். பழையதை வடித்து, குழாய்களைக் கழுவி, எஸ்டர் எண்ணெய் ஊற்றுங்கள். கழுவாமல் கேஸை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். கொழும்பின் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய டிரையர் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். கொழும்பின் கடற்காற்று ஈரத்தை அது ஏற்கெனவே குடித்திருக்கும். புதியதன் மூடியையும் பொருத்தும் கணம் வரை திறக்காதீர்கள். உள்ளே போகும் ஈரம், கேஸை விரியவிட்டுக் குளிராக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும்.

ஆர்-134ஏக்கான இணைப்பு முனைகளைப் பொருத்தி, உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வெற்றிடப் பம்பை முக்கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். பம்பை நிறுத்திய பின் அரை மணி நேரம் அழுத்த மானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் மறுபடியும் கசிவைத் தேடுங்கள்.

கேஸைத் தராசில் நிறுத்தே ஏற்றுங்கள். ஸ்டிக்கரில் உள்ள பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும்: 800 கிராம் என்றிருந்தால் 640 முதல் 720 கிராம். கூடினால் குளிர் கூடாது, அழுத்தம்தான் ஏறும். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் ஊர்ந்து போகும்போது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்றுப் போதாமல் குளிர் குறைந்தால், அதன் இதழ்களைக் கழுவி, முன்புற விசிறியையும் சோதியுங்கள்.

கடைசியாக, கேஸின் பெயர், அளவு, எண்ணெய், திகதி எல்லாவற்றையும் எழுதி, பழைய ஸ்டிக்கரின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த மெக்கானிக் முதலில் பார்ப்பது அதைத்தான்.