தானாக முளைத்த செடியின் பெயரை அறிய

தோட்டத்தில் தானாக முளைத்த செடி எதுவென்று தெரியாதபோது, உடனே பிடுங்கி எறியாமல் அது பூக்கும்வரை விட்டுவைப்பது நல்லது. இலையைவிடப் பூவே செடியின் குடும்பத்தைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அதுவரை, இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமைந்துள்ளனவா, எதிரெதிராக இரண்டிரண்டாக உள்ளனவா என்று பாருங்கள். தண்டை விரல்களுக்கிடையே உருட்டும்போது நான்கு விளிம்புகள் தட்டுப்பட்டு, இலைகளும் எதிரெதிராக இருந்து, கசக்கினால் மணமும் வீசினால், அது பெரும்பாலும் துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பமாகவே இருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் வடிகிறதா என்பதும் நல்ல அடையாளம்தான். ஆனால் எருக்கம்பால் போன்றவை கண்ணில் பட்டால் பெருந்தீங்கு என்பதால் கையுறை அணிந்தே கிள்ளுங்கள். பிளான்ட்நெட் போன்ற செயலியில் தேடுவதானால், தொலைவிலிருந்து எடுத்த முழுச்செடியின் படத்தைவிட, பூவையும் இலையையும் தனித்தனியே அருகிலிருந்து எடுத்த படங்களே பயன் தரும்; அது முதலில் சொல்லும் பெயரை நம்பி எதையும் வாயில் வைத்துவிட வேண்டாம்.