பிராசசர் மாற்றலாமா, பொறுக்கலாமா? முதல்முறை யோசிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

“அடுத்த தலைமுறை சீக்கிரம் வருகிறதாமே, இப்போது வாங்கலாமா?” பிராசசர் மாற்ற நினைக்கும் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த தலைமுறை எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுத்தால் எந்த வருடமும் வாங்க முடியாது.

முதலில் தீர்க்க வேண்டியது வேறு. இருக்கிற மதர்போர்டில் பொருந்தும் பிராசசரை மட்டும் மாற்றப் போகிறீர்களா, இல்லை போர்டு, ரேம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றப் போகிறீர்களா? இரண்டும் வேறு வேறு செலவு. முதல் வகையில் காத்திருந்து கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டாவதில் பொறுத்துப் பார்க்கக் காரணம் உண்டு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பழைய மெஷினை வைத்துக்கொள்வோம்: ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர், பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. 2019, 2020 வாக்கில் அசெம்பிள் செய்த பலரிடம் இதுவோ இதற்கு நெருக்கமானதோ இருக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. இன்றைய லேப்டாப்களில் பிராசசரைப் போர்டோடு சேர்த்தே சால்டர் செய்துவிடுகிறார்கள்.

படி 1: தாமதம் பிராசசரால்தானா?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். அதைத் திறந்து வைத்துவிட்டு, எந்த வேலையில் மெஷின் இழுக்கிறதோ அந்த வேலையைச் செய்யுங்கள்.

ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ரேம்தான் பற்றவில்லை. விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓடுகிறது, அந்த டிஸ்க் 100 சதவீதத்தில் தவிக்கிறது என்றால் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். பிராசசர் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.

அதே பக்கத்தில் ரேமின் வேகத்தையும் பாருங்கள். 3200 என்று சொல்லி வாங்கிய ரேம் 2133 அல்லது 2400 என்று காட்டினால், பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங், ஆன் செய்யப்படவில்லை என்று அர்த்தம். ரைசனில் ரேம் வேகம் கேம்களை நன்றாகவே பாதிக்கும். இதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. பிராசசரின் வெப்பநிலையையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்த்துவிடுங்கள். 3600இன் எல்லை 95 டிகிரி. அதை ஒட்டியே ஓடுகிறதென்றால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூலரில் அடைந்த தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பிராசசர் வரைபடத்தைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே காட்டுகிறது, அப்படியானால் பிராசசர் சும்மாதான் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். 3600இல் ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). ஒரே ஒரு த்ரெட் முழு வேகத்தில் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது ஏறக்குறைய 8 சதவீதமாகத்தான் தெரியும். பல கேம்களில் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்களின் தலையில்தான் விழுகிறது. அதனால் கேம் ஆடுபவர்கள் கிராபிக்ஸ் கார்டின் எண்ணைப் பார்ப்பது நல்லது. ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் வி-சிங்க், ஃப்ரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு ஆடும்போது கார்டு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டுதான் எல்லை. 60, 70 சதவீதத்திலேயே நின்றால் பிராசசர் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் பின்தங்குகிறது.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனை. கேமின் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள், மற்ற எதையும் தொடாதீர்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டின் பாரம்தான் குறைந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் பிராசசர்தான் பிடித்து வைத்திருக்கிறது. வேலோரண்ட் போன்ற கேம்களில் இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். கிராபிக்ஸ் கனமான கதை கேம்களில் 1660 சூப்பர் முதலில் கையைத் தூக்கிவிடும்.

வீடியோ எடிட்டிங், பிளெண்டர் போன்ற வேலைகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். எக்ஸ்போர்ட் ஓடும்போது எல்லா த்ரெட்டும் 100 சதவீதத்தில் நின்றால் பதில் தெரிந்துவிட்டது.

படி 2: உங்கள் போர்டில் எது உட்காரும்?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), போர்டின் மாடல், பயாஸ் பதிப்பு மூன்றும் தெரியும். அந்த மாடல் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலைத் திறங்கள். எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். இன்டெலின் எல்ஜிஏ1151இல் 7ஆம் தலைமுறைக்கும் 8ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான். ஆனால் 200 வரிசைப் போர்டில் 8ஆம் தலைமுறை வேலை செய்யாது. எல்ஜிஏ1700 போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பரவாயில்லை: 12, 13, 14 மூன்று தலைமுறைகளும் அதில் வரும். 13, 14 வாங்கினால் பயாஸைக் கட்டாயம் புதுப்பியுங்கள். அதிக மின்னழுத்தத்தால் அந்தத் தலைமுறைகளின் பல பிராசசர்கள் நிலைகுலைந்தன. அதைச் சரிசெய்யும் மைக்ரோகோடை (பயாஸ் வழியாக வரும், பிராசசரின் உள் மென்பொருள்) இன்டெல் 2024இல் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது.

ஏஎம்டியின் ஏஎம்4தான் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த சாக்கெட். 2017இல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே இடத்தில் 5000 வரிசையும் உட்காரும். நம் பி450 போர்டும் அதை ஏற்கும்.

விண்டோஸையும் இங்கேயே பார்த்துவிடலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ரைசன் 1600 போன்ற முதல் தலைமுறை விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை, 3600 இருக்கிறது. முதல் தலைமுறை ரைசன் வைத்திருப்பவர்களுக்கு மாற்ற இதுவே போதுமான காரணம்.

படி 3: பொருந்துவது இருந்தால்

நம் 3600க்கு மாற்று என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரைசன் 5 5600. கோர் எண்ணிக்கை அதே ஆறுதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 3600இன் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இரண்டு 16ஆகப் பிரிந்து, மூன்று கோருக்கு ஒன்றாக நிற்கிறது. 5600இல் அதே 32 எம்பியை ஆறு கோர்களும் சேர்ந்து பயன்படுத்துகின்றன. அதே கிளாக் வேகத்தில் 19 சதவீதம் கூடுதல் வேலை நடக்கும் என்று ஏஎம்டி இந்தத் தலைமுறைக்குச் சொன்னது. வீடியோ வேலை அதிகமென்றால் எட்டு கோர் உள்ள 5700எக்ஸ். 5600 கூலரோடு வரும், 5700எக்ஸ் பெட்டியில் கூலர் இருக்காது. அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஏமாறுவது பெரும்பாலும் பெயரில்தான். 5700 வேறு, 5700எக்ஸ் வேறு. எக்ஸ் இல்லாத 5700இலும், 5500, 5600ஜியிலும் எல்3 கேஷ் 16 எம்பிதான். “ஒரே மாதிரிதான் சார், ஒரு எழுத்துதானே வித்தியாசம்” என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பில்லில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

காத்திருந்தால் விலை இறங்குமா? பழைய சாக்கெட்டில் அது ஓரளவுக்குத்தான். 2020 நவம்பரில் 5600எக்ஸ் 299 டாலருக்கு வந்தது, 2022 ஏப்ரலில் 5600 வந்தபோது 199 டாலர். அப்போது பொறுத்தவருக்கு லாபம். அதே ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியின் கதை வேறு. 96 எம்பி கேஷ் கொண்ட அந்தச் சிப்தான் ஏஎம்4இல் கேம்களுக்கு முதலிடம். “அப்புறம் வாங்கலாம்” என்று தள்ளிப்போட்டவர்கள் 2024இல் தயாரிப்பே நின்றுபோனதைப் பார்த்தார்கள். பழைய சாக்கெட்டின் நல்ல சிப்கள் ஒரு கட்டத்துக்குப் பிறகு விலை இறங்காமல் கடையிலிருந்தே காணாமல் போகும்.

அதனால் படி 1இல் பிராசசர்தான் காரணம் என்று தெரிந்து, படி 2இல் பொருந்துவதும் இருந்தால், இப்போதே வாங்குங்கள் என்பதுதான் என் பதில். தீபாவளித் தள்ளுபடிக்கு ஒரு மாதம் இருக்கிறதென்றால் அது வரை பொறுக்கலாம், அவ்வளவே.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பழைய பிராசசர் வாங்குபவர்கள் செல்போன் டார்ச்சை அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஏஎம்4 பிராசசருக்கு 1331 ஊசிக் கால்கள். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் வரிசைகள் நேர்கோடாகத் தெரிய வேண்டும். ஒரு கால் சாய்ந்திருந்தாலும் அந்த இடத்தில் கோடு உடையும்.

படி 4: போர்டையும் மாற்றியாக வேண்டும் என்றால்

இங்கேதான் பொறுமைக்கு மதிப்பு. ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போனால் புதுப் பிராசசர், புதுப் போர்டு, டிடிஆர்5 ரேம் மூன்றும் வேண்டும். பழைய டிடிஆர்4 அதில் பொருந்தாது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஆகவே பிராசசரின் விலையைத் தனியாகப் பார்க்காமல் மூன்றையும் கூட்டுங்கள், பழையதை விற்றால் வருவதைக் கழியுங்கள். வருகிற தொகைக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு கிடைக்குமா என்றும் பாருங்கள். கேம் ஆடுபவர்களில் பலருக்கு அதுவே கூடுதல் பலன் தரும்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். நிறுவனமே தேதியோடு அறிவித்திருந்தால் காத்திருக்கலாம், யூடியூப் வதந்திக்காக வேண்டாம். ஒரு வரிசை புதிதாக வந்த உடனேயும் பாய வேண்டாம். ஏஎம்5இன் 7600எக்ஸ் 2022 செப்டம்பரில் 299 டாலருக்கு வந்தது. 2023 ஜனவரியிலேயே கூலரோடு 7600 வந்தது, 229 டாலருக்கு. 2024 ஆகஸ்டில் 9700எக்ஸ் வாங்கிய கேமர்கள் நவம்பரில் 9800எக்ஸ்3டியைப் பார்த்து நொந்துகொண்டார்கள்.

காத்திருப்பு பலிக்காமலும் போகும். இன்டெல் 13ஐ விட்டு ஒரு வருடம் பொறுத்தவர்களுக்கு 2023இல் கிடைத்த 14ஆம் தலைமுறை பெரும்பாலும் அதே சரக்குதான். ஏஎம்5க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வேலைக்கு மெஷின் அவசரமாகத் தேவை, பழையதும் ஒத்துழைக்கவில்லை என்றால் இப்போது ஒரு 7600 போட்டுவிட்டு, பின்னால் அதே போர்டில் பெரியதை மாட்டிக்கொள்ளலாம்.

படி 5: மாற்றும் நாளில்

பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் மின்வெட்டு வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆனில் இருந்தால், 48 இலக்க ரிக்கவரி கீயைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அந்தப் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். சிப்பை மாற்றியபின் பல ஏஎம்4 போர்டுகள் எஃப்டிபிஎம்மை (அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும், பிராசசரோடு வரும் பாதுகாப்புப் பகுதி) அழிக்கட்டுமா என்று கறுப்புத் திரையில் கேட்கும். கீ கையில் இல்லாமல் ‘ஒய்’ அழுத்தினால் டிஸ்கைத் திறக்க முடியாமல் போகலாம்.

கூலரைக் கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிடம் நன்றாக ஓடவிடுங்கள். பேஸ்ட் இளகும். பிறகு ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் சுவிட்சை அணைத்து, கூலரின் பிடிப்பை எடுத்துவிட்டு, மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். காய்ந்த பேஸ்ட்டோடு நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். ஏஎம்4இல் கால்கள் வளைவது பெரும்பாலும் அப்படித்தான்.

புதியதை வைக்கும்போது மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேருங்கள். தானாக விழுந்து உட்கார வேண்டும், அழுத்தவே கூடாது. லீவரை இறக்கி, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, கூலரைக் குறுக்குக் குறுக்காக முடுக்குங்கள். விண்டோஸ் வந்ததும் ரேம் வேகத்தை மறுபடி பாருங்கள். பயாஸ் புதுப்பித்ததில் எக்ஸ்எம்பி அணைந்திருக்கும். அதை ஆன் செய்தபின் படி 1இன் கேமை அதே செட்டிங்கில் ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். எதுவுமே ஏறவில்லையென்றால், கடையின் ரிட்டர்ன் நாள் தாண்டுவதற்குள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.