முதுநிலை கட்டடக்கலைப் படிப்புக்கான போர்ட்ஃபோலியோ: எதை வைப்பது, எதை விடுவது

ஐந்து ஆண்டு பி.ஆர்க் படிப்பை முடிக்கும் மாணவரிடம் பத்து செமஸ்டர்களின் வேலை சேர்ந்திருக்கும். ஸ்டுடியோ வடிவமைப்புகள், ஆவணப்படுத்தல் பயணத்தில் அளந்து வரைந்தவை, நாசா (கட்டடக்கலை மாணவர்களின் தேசிய அமைப்பு) போட்டிக்குக் குழுவாகச் செய்தவை, அலுவலகப் பயிற்சியின்போது வரைந்த வொர்க்கிங் டிராயிங்குகள் (கட்டுமானத்துக்கான விவர வரைபடங்கள்), கடைசியில் தீசிஸ் என்று எண்ணினால் இருபதை எளிதில் தொடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.ஆர்க் இடத்தைப் பெரும்பாலும் கேட் (GATE) அல்லது சீட்டா பி.ஜி. (CEETA-PG) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே முடிவு செய்துவிடும். வெளிநாட்டுக் கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவருக்கோ, தன் வேலைகளில் தேர்ந்தவற்றைத் தொகுத்த போர்ட்ஃபோலியோதான் முதன்மையான சான்று. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் கெடு வருவதால், சென்னையில் பருவமழை தொடங்கும் அக்டோபரில்தான் பலரும் இந்தக் குவியலைத் திறக்கிறார்கள். திறந்தவுடன் எல்லாவற்றையும் முதல் செமஸ்டரிலிருந்து வரிசையாக அடுக்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது.

சேர்க்கைக் குழுவினரிடம் உங்கள் மதிப்பெண் பட்டியல் தனியாக இருக்கிறது. நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும் தனியாக இருக்கின்றன. வேறு எந்தத் தாளிலும் கிடைக்காத ஒன்றை அவர்கள் போர்ட்ஃபோலியோவில் தேடுகிறார்கள்: இவர் ஓர் இடத்தில் எதைக் கவனிக்கிறார், கவனித்ததைக் கொண்டு என்ன முடிவெடுக்கிறார், அந்த முடிவை வரைபடத்தில் காட்டத் தெரிகிறதா என்பதை. ஆகவே தேர்வுக்கு நான் ஒரே அளவுகோலைத்தான் சொல்வேன். நீங்கள் எடுத்த முடிவு எந்த வேலையில் கண்ணுக்குத் தெரிகிறதோ அதை வையுங்கள். மதிப்பெண், பரிசு, கட்டடத்தின் பரப்பளவு, அந்த வேலைக்காக விழித்த இரவுகள் ஆகிய எதையும் இந்தக் கட்டத்தில் கணக்கில் கொள்ளாதீர்கள்.

இதைக் கணினித் திரையில் செய்வது கடினம். ஒவ்வொரு வேலையிலிருந்தும் இரண்டு மூன்று தாள்களை அஞ்சலட்டை அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் “இதில் நான் எடுத்த முடிவு” என்று தொடங்கி ஒரே வாக்கியம் எழுதுங்கள். “பாரம்பரியத்தையும் நவீனத்தையும் இணைத்தேன்” போன்ற வாக்கியம் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்தும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். “மாடிப்படியைத் தெருவோரத்துக்கு நகர்த்தினேன், ஏனென்றால் மேல்தளக் குடித்தனத்துக்குத் தனி வாசல் தேவைப்பட்டது” என்பது முடிவு. வாக்கியம் எழுத வராத அட்டைகளைத் திருப்பிப் போடுங்கள். பெரும்பாலும் பாதிக்குமேல் திரும்பிவிடும். மனம் வலிக்கும்தான், ஆனாலும் திருப்பிய அட்டையை அன்றைக்கே மறுபடி எடுக்காதீர்கள்.

இப்படிப் பரப்பியபோது ஒரு மாணவி ஒதுக்கி வைத்திருந்த தாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் கோட்டூர்புரத்தில் ஒரு சிறிய வீட்டை அளந்து, ஏ1 தாளில் பென்சிலால் 1:50 அளவில் வரைந்த செக்ஷன் (வீட்டைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம்) அது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீட்டுக்குள் ஏறிய வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறையை அவர் டேப் வைத்து அளந்து, எல்லா அறைகளையும் ஊடுருவிச் செல்லும் மெல்லிய நீலக் கோடாக வரைந்திருந்தார். அந்தக் கோடு கட்டிலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் மேலாகச் சென்றது. சுவிட்ச் போர்டின் நடுவே ஓடியது. சாமி அலமாரியின் அடித்தட்டைத் தொட்டது. பரணுக்கு மட்டும் ஒரு முழம் கீழே நின்றது. அவருடைய வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு முழத்திலிருந்து பிறந்தது. பரணை அகலப்படுத்தி, ஒரு குடும்பம் மூன்று நாள் தங்கக்கூடிய தளமாக்கி, சாய்த்து வைக்கும் ஏணிக்குப் பதிலாக வயதானவர்கள் ஏறக்கூடிய நிலையான படியை வைத்திருந்தார். ஜூரியில், அதாவது ஆசிரியர்கள் குழுவாக மதிப்பிடும்போது, அதற்குச் சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. ரெண்டர் (கணினியில் புகைப்படம்போல் உருவாக்கிய படம்) ஒன்றுகூட இல்லாததால் அதை வைக்கலாமா என்றுகூட அவர் கேட்கவில்லை. அதை முதல் வேலையாக வைக்கச் சொன்னேன். பென்சில் கோட்டை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மறுபடி வரைந்து “சுத்தம்” செய்ய வேண்டாம் என்றும், நல்ல தெளிவில் ஸ்கேன் செய்தால் போதும் என்றும் சொன்னேன். அழித்து வரைந்த தடம் தெரிவதும் அந்தத் தாளின் பலம்.

தீசிஸை என்ன செய்வது என்பதே அடுத்த பெரிய கேள்வி. அதற்குத்தான் அதிக உழைப்பு போயிருக்கும். ஆகவே பத்துப் பன்னிரண்டு பக்கம் தர வேண்டும் என்று தோன்றும். பன்னாட்டு விமான நிலையம், மாநாட்டு வளாகம், பல்நோக்கு விளையாட்டரங்கம் போன்ற பெரிய தலைப்புகளில் மாணவரின் நேரத்தைப் பரப்பளவே விழுங்கிவிடுகிறது. பார்ப்பவருக்குப் பறவைப் பார்வைப் படமும் வண்ணமிட்ட மண்டலப் பிரிப்பும் மட்டுமே மிஞ்சுகின்றன. தீசிஸை விடச் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் உண்மையாகவே தீர்த்த ஒரு பகுதியைத் தேடி, அதை மட்டும் நான்கைந்து பக்கங்களில் சொல்லுங்கள் என்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலக்கூடம் வடிவமைத்த ஒரு மாணவரிடம் நாற்பது தாள்கள் இருந்தன. முதல் வரைவில், கடற்காற்று வரட்டும் என்று கூடத்தைக் கிழக்கே முழுவதுமாகத் திறந்து வைத்திருந்தார். விடியற்காலையில் நேரில் போய் நின்றபோது இரண்டு விஷயங்கள் அவருக்குப் புரிந்தன. ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கடற்காற்று பொதுவாக முற்பகலுக்குப் பிறகுதான் கரையேறுகிறது. கிழக்கே திறந்த பக்கத்தில் காற்றுக்குப் பதிலாகத் தாழ்வான வெயில்தான், உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களின் முகத்தில் நேராக விழுந்தது. அவர் கூரையின் கிழக்கு விளிம்பைத் தாழ்த்தி, மேற்கைத் திறந்து, ஐஸ் வண்டி போகும் பாதையையும் தரையின் சரிவையும் அதற்கேற்ப மாற்றினார். இந்த மாற்றம் நாற்பது தாள்களில் எங்கும் இல்லை. இறுதி வடிவம் மட்டுமே இருந்தது. பழைய செக்ஷனையும் புதிய செக்ஷனையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வைத்து, இரண்டிலும் காலை வெயிலின் கோணத்தை வரையச் சொன்னேன். கைவிட்ட வரைவுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவருக்கு இங்கே பெரிய நன்மை உண்டு. உங்கள் பழைய ஸ்கெட்ச் புத்தகங்களையும், வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பிய அரைகுறை மாடல் படங்களையும் தேடி எடுங்கள்.

எத்தனை வேலைகள் என்றால், நான்கு அல்லது ஐந்து போதும் என்பது என் கருத்து. பக்க எண்ணிக்கை, தாள் அளவு, கோப்பின் எடை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பள்ளியும் தனி வரம்பு வைத்திருக்கிறது. அதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பிலேயே பாருங்கள். சீனியர் அனுப்பிய பழைய பிடிஎஃபை நம்ப வேண்டாம். நான்கைந்து வேலைகளும் ஒரே குணத்தில் இருக்கக் கூடாது. ஒன்று கையால் அளந்து வரைந்ததாக இருந்தால், இன்னொன்று கட்டுமான நுணுக்கத்தைக் காட்டட்டும்; ஒன்று ஒரு வீட்டளவில் இருந்தால், இன்னொன்று தெருவளவிலோ நகரளவிலோ இருக்கட்டும். மிக வலுவானதை முதலிலும், அதற்கு அடுத்ததைக் கடைசியிலும் வையுங்கள்.

ரெண்டர் படங்களைப் பற்றி ஒரு சொல். ஒரே மென்பொருளில், ஒரே மரங்களோடும் ஒரே அந்தி வானத்தோடும் வெளிவரும் படங்கள் எல்லாப் போர்ட்ஃபோலியோக்களையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுகின்றன. மயிலாப்பூர் மாடவீதியில் கம்பளிக் கோட்டு அணிந்தவர்கள் நடந்து போகும் படத்தைப் பார்ப்பவருக்கு, வரைந்தவர் அந்தத் தெருவில் நின்று பார்த்தாரா என்ற ஐயம் எழும். ஒரு வேலைக்கு ஒரு ரெண்டர் போதும். அதிலும் அந்தந்த இடத்து மனிதர்களும் வெளிச்சமும் இருக்கட்டும்.

நீங்கள் சேர விரும்பும் பிரிவைப் பொறுத்தும் தேர்வு மாறும். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பிரிவுக்குப் போகிறவர், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிந்த, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் போன்ற கட்டடத்தில் ஒரு சன்னலையோ வளைவையோ முழுமையாக அளந்து வரைந்திருந்தால், அது புதிய அருங்காட்சியக வடிவமைப்பைவிடப் பொருத்தமானது. நிலவடிவமைப்புக்குப் போகிறவரிடம், 2022இல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் நீர் எந்த வழியாக வந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்று ஆராய்ந்த வரைபடம் இருந்தால், கட்டடமே இல்லாவிட்டாலும் அதைத் தயங்காமல் வையுங்கள். இரண்டு வெவ்வேறு பிரிவுகளுக்கு விண்ணப்பித்தால் இரண்டு போர்ட்ஃபோலியோக்கள் தேவைப்படும். குறைந்தபட்சம் வேலைகளின் வரிசையாவது மாற வேண்டும்.

குழுவேலையிலும் அலுவலக வேலையிலும் நேர்மை மிக முக்கியம். நாசா போட்டிக்குப் பத்துப் பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கு என்ன என்பதை அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள்: “தெரு முகப்பு வரைபடமும் அச்சு மாடலும் என்னுடையவை” என்பது போல. அதே குழுவிலிருந்து இன்னொருவரும் அதே பள்ளிக்கு விண்ணப்பித்திருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். பயிற்சிக் காலத்து வரைபடங்களுக்கு அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி பெறுங்கள். அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிடுங்கள். அங்கிருந்து எடுப்பதற்கு உகந்தது, கட்டி முடித்த பங்களாவின் அழகான புகைப்படத்தைவிட, நீங்கள் தளத்துக்குப் போய்த் திருத்திய ஒரு மாடிப்படி விவரத் தாள்.

புகைப்படம், மரவேலை, ஓவியம் போன்றவை பலரிடமும் உண்டு. அவை உங்கள் பார்க்கும் முறையை இன்னும் கொஞ்சம் தெளிவாக்கினால் ஒரு பக்கம் தரலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுத்த வேலைகளைத் தொகுக்கும்போது, பார்ப்பவர் சென்னைக்கு வந்திராதவராக இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டிவிடுகிறது என்று ஒரு வரி எழுதினால்தான், கோட்டூர்புரத்து நீலக் கோடு நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் விளங்கும். திண்ணை, பரண் போன்ற சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதி, வரைபடத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். அளவைக் குறிக்கும்போது 1:50 என்று எண்ணாக மட்டும் எழுதாதீர்கள். ஏ1 தாள் திரையில் சுருங்கியவுடன் அந்த எண் பொய்யாகிவிடும். வரைபடத்தோடு சேர்ந்தே சுருங்கும்படி, மீட்டர் குறித்த அளவுப் பட்டை ஒன்றை அதன் அடியில் வரைந்துவிடுங்கள்.