ஃபெண்டரில் 340 என்று இருந்தால் உள்ளேயும் 340 தானா? பழைய அமெரிக்க காம்பாக்ட் காரைப் படிக்கும் முறை

பழைய அமெரிக்க கார்களின் ஏலப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தவர்கள் முதலில் தேடுவது முன் ஃபெண்டரிலும் பானெட்டிலும் இருக்கிற எண்ணைத்தான். டஸ்டரில் 340, நோவாவில் 350, மேவரிக்கில் 302. எண் தெரிந்துவிட்டால் கார் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு பேட்ஜைப் புதிதாக வாங்கி ஒட்ட ஆகிற செலவு ஒரு டயர் விலைகூட வராது. அந்த பேட்ஜ் ஏறியதும் காரின் விலையோ எங்கேயோ போய்விடும். அதனால் இந்த விளக்கத்தில் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறேன்: முதலில் வின் எண் (ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை கொடுக்கிற தனி அடையாள எண்), பிறகு தகடு, பிறகு இன்ஜின் பிளாக், பிறகு அடியில் இருக்கிற சாமான்கள், கடைசியில்தான் பேட்ஜ்.

காம்பாக்ட் என்று நான் சொல்வது ப்ளிமத் வேலியன்ட், டஸ்டர், டாட்ஜ் டார்ட், செவ்ரோலெட் நோவா, ஃபோர்ட் ஃபால்கன், மேவரிக், ஏஎம்சி என்ற அமெரிக்கன் மோட்டார்ஸின் ராம்ப்ளர், ஹார்னெட் இவற்றை. நமக்கு இவை பெரிய கார்கள்தான், ஆனால் அமெரிக்கக் கணக்கில் சின்னவை. ஆறு சிலிண்டர் இன்ஜினோடு சிக்கனமாக ஓட்டுவதற்காக வந்தவை. பின்னால் இதே லேசான உடம்புக்குள் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை இறக்கியதும்தான் கதையே மாறியது.

படி 1: எண் எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பேட்ஜில் இருக்கிற மூன்று இலக்கம் இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். லிட்டரில் பழகியவர்கள் 61ஆல் வகுத்தால் போதும்: 225 என்றால் சுமார் 3.7 லிட்டர், 302 என்றால் 4.9, 318 என்றால் 5.2, 340 என்றால் 5.6. இது குதிரைத்திறன் அல்ல. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் நிறையக் குழம்புகிறார்கள், ஏனென்றால் சில மாடல்களில் இரண்டு எண்ணும் அருகருகே வரும்: 1966 நோவாவில் கிடைத்த எல்79 இன்ஜின் 327 கன அங்குலம், 350 குதிரைத்திறன். அந்த 350ஐப் பார்த்துவிட்டு 350 கன அங்குல இன்ஜின் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எழுத்து பேட்ஜ்கள் வேறு சமாச்சாரம். எஸ்எஸ், ஜிடிஎஸ், கிராபர், ட்விஸ்டர் எல்லாம் பொதியின் (பேக்கேஜ்) பெயர்கள். அதற்குள் என்ன இன்ஜின் வந்தது என்பது ஆண்டைப் பொறுத்தது. நோவா எஸ்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 1963இல் அது முதலில் வந்தபோது 194 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினோடு மட்டும்தான் வந்தது, 120 குதிரைத்திறன். 1968இல் அதே எஸ்எஸ் 350, 396 வி8களுக்குப் போனது. 1973 முதல் திரும்பவும் வெறும் அலங்காரப் பொதியாகி, எந்த இன்ஜினோடும், ஆறு சிலிண்டரோடும்கூட, வாங்கலாம் என்றானது. ஆக ஆண்டைச் சொல்லாமல் “இது எஸ்எஸ்” என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

படி 2: வின் எண்ணைப் படியுங்கள்

1968 முதல் இந்தக் கார்களில் வின் எண் டேஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்காவில் அது இடது பக்கம்), கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே தெரியும்படி இருக்கும். நான்கு கம்பெனிகளும் நான்கு விதமாக எழுதின, எனவே ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும்.

கிரைஸ்லர் கார்கள்தான் (ப்ளிமத், டாட்ஜ்) இதில் நல்ல பிள்ளைகள், ஐந்தாவது இடத்திலேயே இன்ஜினைச் சொல்லிவிடும். ஒரு 1970 டஸ்டர் 340ன் எண் ‘விஎஸ் 29 எச் 0 பி’ என்று தொடங்கும். வி என்றால் வேலியன்ட் குடும்பம். எஸ் என்றால் ஸ்பெஷல் தரம். 29 அந்த இரண்டு கதவு உடல். எச் 340 இன்ஜின். 0 என்பது 1970. பி (B) மிஷிகனில் இருந்த ஹாம்ட்ராமிக் தொழிற்சாலை. சாதாரண டஸ்டர் ‘விஎல் 29’ என்று தொடங்கும், அதில் ஐந்தாவது எழுத்து ஜி என்றால் 318, சி என்றால் 225 ஸ்லான்ட் சிக்ஸ் (சாய்த்து வைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின்). இப்போது படத்தில் இருக்கிற கார் 340 பேட்ஜோடு பளபளக்கிறது, எண்ணோ ‘விஎல் 29 ஜி’ என்கிறது என்று வையுங்கள். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு 318ஆகத்தான் வெளியே வந்தது. இரண்டாவது எழுத்தும் ஐந்தாவது எழுத்தும் சேர்ந்து சொல்வதால் இதில் வாதத்துக்கே இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த எழுத்துகள் 1970இல் மாறின. 1968, 69இல் 340க்கு எழுத்து பி (P). அதே 1969இல் எச் என்றால் 383, நான்கு பேரல் கார்புரேட்டரோடு. ஆண்டு எண்ணைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள்.

ஃபோர்டிலும் ஐந்தாவது இடம்தான். 1971 மேவரிக்கின் எண் ‘1 கே 93 எஃப்’ என்றால் 1971, கான்சாஸ் சிட்டி, கிராபர், 302 வி8. கடைசி எழுத்து டி (T) என்றால் அதே கிராபர், ஆனால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். எல் என்றால் 250 ஆறு சிலிண்டர். 1970 கிராபருக்கு வி8ஏ கிடையாது, 302 வந்தது 1971இல்தான். எனவே 1970 கிராபரின் ஃபெண்டரில் 302 என்று பார்த்தால் யாரோ பிறகு மாட்டியது.

ஏஎம்சியில் ஏழாவது இடத்தைப் பாருங்கள். 1969 எஸ்சி/ராம்ப்ளருக்கு அங்கே எக்ஸ் இருக்க வேண்டும், 390 இன்ஜின், 315 குதிரைத்திறன். மொத்தம் 1,512 கார்கள்தான் செய்தார்கள், எல்லாமே சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில். பானெட்டில் காற்று போகிற ஸ்கூப்பைக் காட்டி ஒரு பெரிய அம்புக்குறி, ‘ஏர்’ என்ற எழுத்து, கூடவே ‘390’. இவ்வளவு சத்தமாக வண்ணம் அடித்த காருக்கு நகல் செய்வது சுலபம், ஒரு சாதாரண ராம்ப்ளரும் பெயிண்டரும் போதும், அதனால்தான் அந்த எக்ஸ் முக்கியம். 1971 ஹார்னெட் எஸ்சி/360இல் என் என்றால் இரண்டு பேரல், 245 குதிரைத்திறன். பி (P) என்றால் ‘கோ’ பொதியோடு வந்த நான்கு பேரல், 285.

செவ்ரோலெட்டுக்கு வரும்போதுதான் தலைவலி. 1970 நோவாவின் எண்ணில் ‘113’ என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், ‘114’ என்று தொடங்கினால் வி8. அவ்வளவுதான் சொல்லும். 200 குதிரைத்திறன் 307ஆ, 375 குதிரைத்திறன் 396ஆ, இரண்டுக்கும் அதே 114. எஸ்எஸ்ஸா இல்லையா என்பதும் அதில் இல்லை, ஏனென்றால் 1968 முதல் எஸ்எஸ் தனி மாடல் இல்லை, கூடுதல் பொதி. 1972இல்தான் செவ்ரோலெட் வின் எண்ணில் இன்ஜின் எழுத்தைச் சேர்த்தார்கள். நகல் நோவா எஸ்எஸ்கள் சந்தையில் இவ்வளவு திரிவதற்கு இந்த ஒரு காரணம் போதும். (அந்த 1970 ‘396’ உண்மையில் 402 கன அங்குலம். பேர் வாங்கிய எண்ணை விட மனமில்லாமல் பேட்ஜில் 396 என்றே விட்டுவிட்டார்கள். பேட்ஜ் பொய் சொல்வதைத் தொழிற்சாலையே ஆரம்பித்து வைத்தது என்று சொல்லலாம்.)

படி 3: பானெட்டைத் திறந்து தகட்டைப் பாருங்கள்

இது கிரைஸ்லர் கார்களுக்கு மட்டும். ஓட்டுநர் பக்க உள் ஃபெண்டரில் ஒரு சின்னத் தகடு திருகியிருக்கும். கீழ் வரியிலிருந்து மேலே போகிற மாதிரி படிக்க வேண்டும், ஒவ்வொரு வரியும் இடமிருந்து வலம். 1970 முதல் கீழ் வரியின் முதல் குறியே இன்ஜின்: இ55 என்றால் 340, இ44 என்றால் 318. அடுத்து கியர்பாக்ஸ், டி21 (D21) என்றால் நான்கு கியர் மேனுவல். தகட்டில் வின் எண்ணும் வரும், அது டேஷ்போர்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். புதுத் தகடு அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் தகட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 4: பிளாக்கைப் படியுங்கள்

கார் 340ஆகப் பிறந்தது என்று வின் எண் சொல்லிவிட்டது, சரி. இப்போது அதற்குள் இருப்பது 340தானா? ஐம்பது வருடத்தில் இன்ஜின் மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

318, 340, 360 மூன்றும் ஒரே குடும்பம், வெளியில் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஏர் ஃபில்டர் மேலே ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் பிளாக்கின் ஓட்டுநர் பக்கச் சுவரில் கொள்ளளவு எண் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். டார்ச் அடித்து, அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். அதோடு 1968 முதல் வின் எண்ணின் ஒரு பகுதி பிளாக்கில் குத்தப்பட்டிருக்கும், அது பொருந்தினால் இன்ஜினும் காரும் ஒன்றாகப் பிறந்தவை.

செவ்ரோலெட்டில் இவ்வளவு சுலபம் இல்லை. பிளாக்கின் பின் விளிம்பில் ஏழு இலக்க வார்ப்பு எண் இருக்கும், ஆனால் ஒரே வார்ப்பு பல இன்ஜின்களுக்குப் போனது. 3970010 என்ற பிரபலமான வார்ப்பு 302, 327, 350 மூன்றிலும் உண்டு. எனவே முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் தட்டையாக ஒரு சின்ன மேடை இருக்குமே, அதைத்தான் பார்க்க வேண்டும். முதல் எழுத்து தொழிற்சாலை (வி என்றால் ஃபிளின்ட், டி, அதாவது T, என்றால் டோனவாண்டா), அடுத்த நான்கு இலக்கம் மாதமும் தேதியும், கடைசி எழுத்துகள் எந்த இன்ஜின் என்ற குறி. இன்ஜின் தேதி கார் தயாரான தேதிக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது வேறு காரின் இன்ஜின். மேடையின் மேல்பரப்பில் தொழிற்சாலை இயந்திரம் விட்ட மெல்லிய கோடுகள் இல்லாமல் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள், பழையதைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கலாம்.

படி 5: காருக்கு அடியில் குனியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். பேட்ஜ் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் அடியில் இருக்கிறதை மாற்றுவதில்லை, செலவு அதிகம், யாருக்கும் தெரியப் போவதும் இல்லை என்ற நினைப்பு.

டஸ்டர் 340 வாங்கியவருக்கு இன்ஜின் மட்டும் கிடைக்கவில்லை: முன்னால் டிஸ்க் பிரேக், தடித்த டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேலை செய்கிற முறுக்குக் கம்பி), பின்னால் எட்டேமுக்கால் அங்குல ஆக்சில் எல்லாம் சேர்ந்தே வந்தன. சாதாரண டஸ்டரில் பின்னால் ஏழேகால் அங்குல ஆக்சில்தான். இரண்டையும் பிரித்தறிய அளவுகோல் வேண்டாம். பின்பக்கம் போய்ப் பாருங்கள்: ஏழேகாலில் போல்ட் போட்ட மூடி இருக்கும், எட்டேமுக்காலில் மூடியே இருக்காது, உருண்டையாக வழவழவென்று இருக்கும், ஏனென்றால் அதன் பல்சக்கரப் பெட்டி முன்பக்கமாகத்தான் கழலும். நோவாவில் இதைவிடச் சுலபம், பின் ஆக்சில் மூடியில் போல்ட்டை எண்ணினால் போதும். 396 நோவாவுக்கு 12 இருக்க வேண்டும். 10 இருந்தால் விற்பவரிடம் கேள்வி கேட்க வேண்டிய நேரம்.

படி 6: குதிரைத்திறன் எண்ணை ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள்

1971 வரை விளம்பரங்களில் போட்டது மொத்தத் திறன்: ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாமல் இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தது. 1972இல் எல்லோரும் நிகரத் திறனுக்கு மாறினார்கள், காரில் இருக்கிறபடியே அளப்பது. அதனால் 318 ஒரே பாய்ச்சலில் 230இலிருந்து 150க்கு விழுந்தது போலத் தெரிகிறது, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லை. 340ன் கதை வேறு. 275 மொத்தத்திலிருந்து 240 நிகரத்துக்குத்தான் இறங்கியது, அதுவும் அதே சமயத்தில் கம்ப்ரஷனைக் குறைத்த பிறகு. அந்தப் பழைய 275 வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறைத்துச் சொல்ல அன்று காரணமும் இருந்தது, இன்ஷூரன்ஸ். சின்ன காரில் பெரிய இன்ஜின் போட்டு ஓட்டிய இளைஞர்களிடம் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போயின. பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் ஊரில் கார் விற்ற டான் யென்கோ 1970இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: 396ஐ விட்டுவிட்டு, 360 குதிரைத்திறன் எல்டி-1 350 இன்ஜினை நோவாவில் தொழிற்சாலையிலேயே போட வைத்து யென்கோ டியூஸ் என்று விற்றார். காகிதத்தில் அது சாதுவான இன்னொரு 350 நோவா.

படி 7: இப்போது பேட்ஜ்

தொழிற்சாலை உலோக பேட்ஜ்கள் பெரும்பாலும் பின்னால் இருக்கிற சின்னக் குச்சிகளால் ஃபெண்டரில் துளை போட்டு மாட்டப்பட்டவை. ஃபெண்டரின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். துளையைச் சுற்றிப் பழைய பெயிண்ட் சீராக இருக்கிறதா, புதிதாகத் துளைத்த பளபளப்பு இருக்கிறதா, அல்லது பக்கத்திலேயே அடைத்த வேறு துளை இருக்கிறதா? ‘318’ எடுத்த இடத்தில் ‘340’ வந்திருந்தால் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ஸ்டிக்கர் பட்டைகளுக்கு இந்தச் சோதனை உதவாது, அங்கே கம்பெனியே விளையாடியிருக்கிறது. 1971 டஸ்டர் ட்விஸ்டரைப் பாருங்கள்: 340ன் கிரில், பட்டைகள், ராலி சக்கரங்கள், எல்லாம் உண்டு, இன்ஜின் மட்டும் ஸ்லான்ட் சிக்ஸ் அல்லது 318. இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகாத பையன்களுக்காக வேஷம் போட்டு விற்றது. அது நகல் இல்லை, அசல் ட்விஸ்டர்தான். அதற்கு 340 பேட்ஜ் ஒட்டிக் கெடுத்தவற்றைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், ஏனென்றால் கெடாத ட்விஸ்டர் இன்று கிடைப்பதே அரிது.

படம் மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் விற்பவரிடம் டேஷ்போர்டு வின் எண், பிளாக்கில் குத்திய எண், பின் ஆக்சில் இந்த மூன்றின் கிட்டத்துப் படத்தையும் கேளுங்கள். பின் இருக்கை ஸ்பிரிங்குக்குள் தொழிற்சாலை ஆர்டர் தாள் சிக்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள், கிரைஸ்லர் கார்களில் அங்கேதான் அடிக்கடி கிடைக்கும். செவ்ரோலெட் என்றால் வாரன்டி புத்தகத்தோடு கொடுத்த சின்ன உலோகத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள், இன்ஜின் குறி அதிலும் உண்டு. 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸிடம் பணம் கட்டினால் அந்தக் குறிப்பிட்ட கார் எப்படி ஆர்டர் செய்யப்பட்டது என்று அறிக்கையே தருவார்கள். 318 டஸ்டரில் நல்ல 340 இன்ஜின் போட்டு, அப்படித்தான் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்குங்கள், ஓட்ட அருமையாக இருக்கும், விலை மட்டும் ‘விஎல் 29 ஜி’யின் விலையாக இருக்கட்டும்.